சிவகங்கை மணற்கல்லுக்கு வயசு கேட்டு ஒரு சுற்று

வெள்ளி இரவு, மதுரை

சிவகங்கைப் பக்கம் தரையில் தெரியும் மணற்கல் ஜுராசிக் காலத்தது என்று எங்கேயோ படித்ததிலிருந்து ஒரே குடைச்சல். யார் பார்த்தார்கள், எதை வைத்து அப்படிச் சொன்னார்கள்? ஜுராசிக் என்றால் ஏறத்தாழ 20.1 கோடி ஆண்டுக்கு முன்னால் தொடங்கி 14.5 கோடி வாக்கில் முடிகிற காலம். சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது. லீவு கிடைத்தது, மதுரையில் பெரியப்பா இருக்கிறார், வைகை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

பெரியப்பா ஜியாலஜி படித்துவிட்டு எண்ணெய்க் கிணறு தோண்டுகிற இடங்களில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். துளை போடும்போது மேலே வருகிற கல்துகளை அலசி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இப்போது எந்த வயதுப் பாறைக்குள் போய்க்கொண்டிருக்கிறோம் என்று சொல்வதுதான் அவர் உத்தியோகம். சாப்பாடு முடிந்ததும் பரணிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கினார். நியூஸ்பேப்பரில் சுற்றிய இரண்டு சாமான்கள். காலேஜ் காலத்தில் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தில் பொறுக்கியவையாம். ஒன்று பெலெம்னைட், கணவாய் மாதிரியான பழைய கடல் ஜீவனின் கல்லான உள்கூடு, விரல் நீளம், ஒரு பக்கம் கூர். இன்னொன்று அம்மோனைட், பாதி உடைந்தது, உள்ளங்கை நிறைய இருந்தது.

அம்மோனைட் பார்த்தால் நத்தை மாதிரி தெரியும், ஆனால் சொந்தபந்தம் எல்லாம் கணவாயும் ஆக்டோபஸும்தான். சுருண்ட ஓட்டுக்குள் வரிசையாக அறைகள், கடைசி அறையில் மட்டும் குடியிருப்பு. செத்த பிறகு உள்ளே சேறு நிரம்பிக் கல்லாகி, மேல் ஓடும் கரைந்துபோனால், அறைச்சுவர் ஓட்டைத் தொட்ட இடமெல்லாம் ஒரு கோடாகத் தெரியும். பெரியப்பா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு லென்ஸைக் கொடுத்தார். கோடு நேராகவே இல்லை. வளைகிறது, அந்த வளைவுக்குள் இன்னொரு வளைவு, அதன் ஓரத்தில் இன்னும் பொடிப்பொடியாகப் பல் பல்லாக. ஒவ்வொரு இனத்துக்கும் இந்தக் கோடு வேறு, ஓட்டின் மேல் வயல் வரப்பு மாதிரி எழும்பியிருக்கும் வரம்பு வேறு, சுருளின் அகலம் வேறு.

“வயசு சொல்றதுக்கு இதவிட நல்ல சாட்சி கிடையாதுப்பா” என்றார். காரணம் கேட்டேன். நீந்துகிற ஜீவன், அதனால் ஒரே இனம் ரொம்ப தூரத்துக்குப் பரவியிருக்கும். அதைவிட முக்கியம், ரொம்ப வேகமாக மாறும். ஒரு இனம் தோன்றி, கொஞ்ச காலம் இருந்து, காணாமல் போய்விடும், திரும்பி வரவே வராது. ஜெர்மனியில் ஆல்பர்ட் ஓப்பெல் என்பவர் 1856 முதல் 1858 வரை வெளியிட்ட புத்தகத்தில் ஜுராசிக் பாறைகளை 33 மண்டலமாக, அதாவது காலத் துண்டுகளாக, பிரித்தார், பெரும்பாலும் அம்மோனைட்டின் பெயரை வைத்தே. இன்றைக்கு வடமேற்கு ஐரோப்பாவில் அது எழுபதுக்கும் மேல் போய்விட்டது. ஐந்தரைக் கோடி ஆண்டை எழுபதால் வகுத்துப் பாருங்கள், ஒரு மண்டலத்துக்கு ஏறக்குறைய எட்டு லட்சம் ஆண்டுதான் வரும். பதினைந்து கோடி ஆண்டுக்கு முந்தைய சமாசாரத்தை எட்டு லட்சத்துக்குள் மடக்குவது எனக்கு இன்னும் நம்ப முடியாத விஷயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் சர்வீஸ் முழுக்க அவர் ஒரு அம்மோனைட்டை வைத்துக்கூட வயசு சொன்னதில்லையாம். துளைக்கிற கருவி அதை மாவாக்கிவிடும். அங்கே ஃபொராமினிஃபெரா என்கிற, மணல் பருமனுள்ள கடல் ஜீவன்களின் ஓடுதான் கைகொடுக்கும். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்ன வருத்தம் இருந்தது.

சனிக்கிழமை, ஒத்தக்கடை, கீழடி

காலையில் யானைமலை. மதுரைக்காரர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலூர் ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நரசிங்கம் பக்கம் போய் நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து பாறையைத் தடவிக்கொண்டு நின்றோம். இந்தக் கோயிலுக்கு வயது கேட்டால் பட்டென்று பதில் உண்டு. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைந்தது, கலியுகம் 3871 என்று கல்வெட்டே சொல்கிறது, அதாவது கி.பி. 770. குடைந்த பாறையின் மேல் அப்படி யாரும் தேதி பொறிக்கவில்லை.

இது நைஸ் (gneiss) வகைப் பாறை. வெளுத்த பட்டையும் கறுத்த பட்டையும் மாறி மாறி ஓடுகிறது, சில இடத்தில் மடங்கித் திரும்புகிறது, நடுவில் அப்பிரகம் (மைக்கா) மினுக்குகிறது. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து குழைந்த கல். மதுரையைச் சுற்றியுள்ள பாறைகள் கடைசியாக அப்படி வெந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுக்கு முன்னால். இதில் புதைபடிவம் தேடுவது வீண். அந்தச் சூட்டில் எதுவும் மிஞ்சாது என்பது ஒரு பக்கம், ஜுராசிக் அம்மோனைட் எல்லாம் அதற்கு எத்தனையோ கோடி ஆண்டு கழித்து வந்தவை என்பது இன்னொரு பக்கம்.

அப்புறம் எதற்கு இங்கே வந்தோம் என்றால், மணற்கல்லுக்கான மணல் இந்த மாதிரி மலைகளிலிருந்துதான் போகிறது. என் மனதில் ஒரு கேள்வி இருந்தது: மணற்கல்லை லேபுக்கு அனுப்பி, யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிற கணக்கைப் பார்த்து நேரடியாக வயது கேட்டால் என்ன? கேட்கலாம், ஆனால் மணலில் இருக்கும் ஜிர்கான் என்கிற, யுரேனியம் கொஞ்சம் அடங்கிய கனிமத் துகள் அது பிறந்த மலையின் வயதைச் சொல்லுமே தவிர, அது போய்ப் படிந்த நாளைச் சொல்லாது. பெரியப்பா கோயில் உண்டியலைக் காட்டினார். “அதுல ராஜா காலத்துக் காசும் இருக்கும், போன வருசம் அடிச்ச காசும் இருக்கும். இருக்கறதுலயே புதுக் காச எடுத்துப் பாத்தா, உண்டியல மூடுனது அதுக்கு முன்னாடி இல்லங்கறது மட்டும் தெரியும்.” அவ்வளவுதான் ஜிர்கான் தருகிற தகவல். அந்த மணல் படிந்தபோது கூடவே செத்து விழுந்த ஒன்று வேண்டும்.

நேரடி வருஷக் கணக்கு கிடைப்பது எரிமலைச் சாம்பலில்தான். அம்மோனைட் அடுக்குகளுக்கு நடுவே எங்காவது சாம்பல் பட்டை படிந்திருந்தால் அதில் புதிதாக உருவான ஜிர்கான் இருக்கும், அதற்கு வயது பார்த்தால் மேலேயும் கீழேயும் உள்ள அம்மோனைட்டுக்கும் எண் கிடைத்துவிடும். பெரு நாட்டில் ஜுராசிக் தொடக்கத்துக்கு அப்படித்தான் எண் வாங்கினார்கள். அதற்கப்புறம் உலகத்தில் வேறெங்கே அந்த அம்மோனைட் கிடைத்தாலும் சாம்பல் இல்லாமலே வயது சொல்லலாம்.

மதியம் கீழடி. அருங்காட்சியகத்தில் சனிக்கிழமைக் கூட்டம், ஸ்கூல் பிள்ளைகள், சத்தம். இங்கேயும் கதை அடுக்குதான். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி கி.மு. 580 என்றது, 200 சென்டிமீட்டரில் எடுத்தது கி.மு. 205 என்றது. ஆழம் கூடக் கூட வயது கூடுகிறது. ஒரு குழியில் கரி கிடைக்காவிட்டாலும், பக்கத்துக் குழியில் தேதி தெரிந்த அடுக்கில் வந்த அதே கறுப்பு சிவப்புப் பானை ஓடு இங்கேயும் வந்தால் ஓரளவு தைரியமாகப் பேசலாம். கரியில் கார்பன் பார்த்து வயது சொல்கிற முறை சிவகங்கை மணற்கல்லுக்கு உதவாது, அது ஏறக்குறைய ஐம்பதாயிரம் ஆண்டோடு தீர்ந்துவிடும் கணக்கு. பானை ஓட்டுக் கணக்கு மட்டும் செல்லும்.

ஞாயிறு, சிவகங்கை

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி வரிச்சியூர், பூவந்தி வழியாகப் போனோம். ஐப்பசி மழை இந்த முறை நன்றாகப் பெய்திருக்கிறது. வழிநெடுகக் கண்மாய்களில் தண்ணீர், கரையெல்லாம் சீமைக் கருவேலம். சிவகங்கையில் இறங்கி, ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் பூரி சாப்பிட்டு (மசாலில் இஞ்சி அதிகம், நன்றாக இருந்தது), ஆட்டோ பேசினோம். ஆட்டோக்காரர் கிராஃபைட் மைன்ஸுக்கா என்று கேட்டார். கல் பார்க்க வருகிறவர்கள் அதற்குத்தான் வருவார்களாம். இல்லண்ணே, மழைத்தண்ணி அரிச்ச பள்ளம் எங்கயாவது இருக்கா என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இடத்தின் பெயரை எழுதவில்லை, சுத்தியலோடு யாரும் கிளம்பிவிட வேண்டாம் என்றுதான். பட்டா நிலத்து ஓரம், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்கினோம். மேலே செம்புறாங்கல், துருப்பிடித்த சிவப்பு, அதற்குக் கீழே ஆளுயரத்துக்கு அடுக்கு தெரிகிறது. அடியில் கூழாங்கற்களும் தலைப் பருமனுள்ள உருண்டைகளும் மணலோடு இறுகிய பாறை. ஒரு உருண்டையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கறுப்பு வெள்ளைப் பட்டை ஓடுகிறது. நேற்றுத் தடவிய யானைமலைக் கல்லின் சாதிதான். அதற்கு மேல் மணற்கல், வெளிர் மஞ்சள், விரலால் தேய்த்தால் மணல் உதிர்கிறது. இடையிடையே சாம்பல் வெள்ளையில் களிப்பாறை, தகடு தகடாகப் பிரிகிறது.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை முதலில் விரிவாக எழுதியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-இல் பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தாரே, அவரேதான். 1883-இல் அந்த அறிக்கை வந்தது. மாட்டு வண்டியிலும் குதிரையிலும் சுற்றி அவர் வரைந்ததை நினைத்தால், ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கூடக் கேட்கிறார் என்று முனகிய என்னைப் பெரியப்பா பார்த்த பார்வைக்கு அர்த்தம் புரிகிறது.

களிப்பாறைத் தகடுகளைப் பெயர்க்காமல், ஏற்கெனவே விழுந்து கிடந்தவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. இடுப்பு வலி, கருவேல முள் செருப்பைத் தாண்டிக் குத்தியாயிற்று. அப்புறம் பெரியப்பாதான் கூப்பிட்டார். நகக்கண் அளவில் பழுப்பு நிறத்தில் ஒரு அச்சு. நடுவில் ஒரு தண்டு, இரு பக்கமும் நெருக்கமாகச் சின்னச் சின்ன இலைத்துண்டு, ஒவ்வொன்றிலும் தண்டிலிருந்து நுனி வரை இணையாக ஓடும் நரம்பு. லென்ஸ் வைத்தால்தான் நரம்பு தெரிகிறது, மூச்சு பட்டாலே உதிர்ந்துவிடும் போல. டைலோஃபில்லம் என்றார். சைக்காஸ் செடி மாதிரி இருக்கும், ஆனால் வேறு குலம், அந்தக் குலமே இப்போது பூமியில் இல்லை. படம் எடுத்துவிட்டு அங்கேயே கவிழ்த்து வைத்தோம்.

அம்மோனைட் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்காது. அது கடலில் மட்டும் வாழ்ந்த ஜீவன். கோண்டுவானா என்கிற பழைய தெற்குப் பெருங்கண்டம் உடைந்து நம் கிழக்குக் கரை அண்டார்டிகாவிலிருந்து பிய்ந்துகொண்டிருந்த நேரம், தரை பிளந்து இறங்கிய பள்ளத்தில் மேட்டிலிருந்து ஆறு உருட்டிக்கொண்டு வந்து கொட்டிய கல்லும் மணலும்தான் இங்கே இருப்பது. கடல் அப்புறம்தான் உள்ளே வந்தது.

ஆகவே இலையை வைத்துத்தான் வயது சொன்னார்கள். என் குடைச்சலுக்கு விடை திரும்பி வரும் பஸ்ஸில் கிடைத்தது, கடைசி சீட்டில் தூக்கித் தூக்கிப் போட்டதில் பாதி காதில் விழவில்லை, வீட்டுக்கு வந்து மறுபடி கேட்டு எழுதுகிறேன்.

1870-களில் கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் ஒட்டோகர் ஃபைஸ்ட்மன்டெல் என்பவர் புதைபடிவ இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையிலும் குஜராத்தின் கட்சிலும் நம் கிழக்குக் கரையிலும் வந்த இலைகள் ஐரோப்பாவின் ஜுராசிக் இலைகளைப் போலவே இருக்கின்றன, எனவே இவையும் ஜுராசிக் என்றார். அதே காலத்தில் கட்சின் அம்மோனைட்டுகளை வில்ஹெல்ம் வாகன் என்பவர் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். கட்சில்தான் வம்பு. அங்கே ஜுராசிக் கடல் நிஜமாகவே இருந்தது, அடுக்கடுக்காக அம்மோனைட் கிடைக்கும், அந்த வரிசையின் மேல் பக்கம் இலை அடுக்கும் சேர்ந்துகொள்ளும். இலை ஜுராசிக்கின் நடுப்பகுதி என்கிறது. அம்மோனைட்டோ ஜுராசிக்கின் கடைசிக் கட்டம் என்கிறது. ஒரே பாறைக்கு இரண்டு ஜாதகம்.

யாரை நம்புவது? நான் அம்மோனைட் கட்சி. இலை மெதுவாக மாறும், டைலோஃபில்லம் ஜுராசிக்கிலும் இருந்தது, அதற்கடுத்த கிரிட்டேசியஸிலும் இருந்தது, அதனிடம் போய்த் துல்லியமான தேதி கேட்பது நியாயமில்லை. பெரியப்பா கொஞ்சம் நிதானம். ஒரே ஒரு அம்மோனைட்டை வைத்து முடிவு கட்டக்கூடாது, பழைய அடுக்கிலிருந்து அரித்து வந்து புது அடுக்கில் விழுந்ததாகவும் இருக்கலாம், கூட யார் யார் இருக்கிறார்கள், ஓடு தேய்ந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்றார். ஐரோப்பிய மண்டலக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டவும் முடியாது, அந்தக் கடலின் சில இனங்கள் இந்தப் பக்கம் வரவேயில்லை.

சரி, சிவகங்கைக்கு வருவோம். ஆந்திரக் கரையில் இதே மாதிரி இலையோடு அம்மோனைட்டும் வந்த அடுக்குகள் உண்டு. கட்ச் அம்மோனைட்டுகளை 1927 முதல் 1933 வரை மறுபடி ஆராய்ந்த ஸ்பாத் என்ற ஆங்கிலேயர் அவற்றையும் பார்த்து, இவை ஜுராசிக் இல்லை, கிரிட்டேசியஸின் முற்பகுதி என்றார். இன்னும் கிட்டத்தில், பெரம்பலூர் மாவட்டம் தெரணியில் களிமண் குவாரியின் இலை அடுக்கிலிருந்து அம்மோனைட் கிடைத்த செய்தி 1973-இல் அச்சானது. அதுவும் அதே கிரிட்டேசியஸ் வகை. தெரணி இலைகளும் சிவகங்கை இலைகளும் ஒரே கூட்டம்.

அப்படியானால் இன்று நான் கை வைத்த மணற்கல் ஜுராசிக்கா? பல புத்தகங்களில் ‘பின் ஜுராசிக் முதல் முன் கிரிட்டேசியஸ் வரை’ என்று இரண்டு பக்கமும் கால் வைத்து எழுதியிருக்கும். தெரணியை வைத்துப் பார்த்தால் கிரிட்டேசியஸ் பக்கம்தான் தராசு சாய்கிறது. ஜுராசிக் என்று சொல்லிக்கொள்ளத்தான் எனக்கு ஆசை, சினிமாப் புண்ணியத்தில் அந்தப் பெயருக்கு ஒரு கெத்து இருக்கிறது.

திங்கள், மேல மாசி வீதி

இன்றைக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன். காலையில் பெரியப்பா, “ஜுராசிக் அம்மோனைட் பாக்கணும்ன்னியே, வா” என்று கூட்டிப்போனது அவருடைய ஸ்கூல் சிநேகிதர் வீட்டுக்கு. கூடலழகர் கோயில் பக்கம், பழைய வீடு, வாசலில் மாமி கோலம் போட்டு முடித்திருந்தார். “வாங்கோ, காபி ஆனப்பறம்தான் பெருமாள்” என்றார். காபி ஆயிற்று. கை கால் கழுவிவிட்டுப் பூஜை அறை வாசலில் நின்றோம்.

பெட்டியில் துளசி மேல் சாளக்கிராமம். முழங்கை தூரத்தில் விளக்கு வெளிச்சத்தில்தான் பார்த்தேன், தொடவில்லை, கேட்கவும் இல்லை. எலுமிச்சை அளவில் கறுப்புக் கல், மழமழப்பாக, ஒரு பக்கம் உடைந்து வாய் திறந்திருக்கிறது. உள்ளே சக்கரம். மாமா அபிஷேகத்துக்காகக் கையில் எடுத்தபோது வெளிச்சம் சாய்வாக விழுந்தது. சுருளின் மேல் வரம்புகள் வரிசையாக ஓடுகின்றன, ஒவ்வொன்றும் உள் விளிம்பில் ஒற்றையாகப் புறப்பட்டு வெளி விளிம்புக்குப் போகும் முன் இரண்டாகக் கிளைக்கிறது. பெரியப்பா என் தோளை அழுத்தினார். பெரிஸ்பிங்டிட் என்கிற குடும்பத்தில் அடிக்கடி பார்க்கும் அடையாளம் அது, ஜுராசிக்கின் பிற்பகுதிக் கடல்களில் நிறைந்து கிடந்த குடும்பம்.

நேபாளத்தில் முக்திநாத்துக்குக் கீழே கண்டகி ஆறு அரித்துக்கொண்டு வருகிற கல். இமயமலை எழும்புவதற்கு முன்னால் அங்கே இருந்த டெதிஸ் கடலின் கறுப்புச் சேறு, அம்மோனைட்டைச் சுற்றி உருண்டையாக இறுகியது. மாமாவின் தாத்தா யாத்திரை போனபோது கொண்டுவந்தாராம். பிஸ்கட் டப்பாவில் இருந்த காரை அம்மோனைட் கிரிட்டேசியஸ், அதனால் மதுரையில் நான் பார்த்த ஒரே ஜுராசிக் அம்மோனைட் மேல மாசி வீதியில் தினமும் தீர்த்தமாடிக்கொண்டிருக்கிறது.

வெளியே வந்ததும் இன்னும் துல்லியமாக எந்த மண்டலம் என்று சொல்ல முடியுமா என்றேன். பெரியப்பா உதட்டைப் பிதுக்கினார். ஆறு உருட்டிக் கொண்டுவந்த கல், எந்த அடுக்கிலிருந்து வந்தது, மேலே என்ன, கீழே என்ன என்பதெல்லாம் போய்விட்டது. வரம்பு தெரிகிறது, அறைக்கோடு தெரியவில்லை, அதைப் பார்க்க வேண்டுமானால் கல்லை உடைக்க வேண்டும், அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மாமா பின்னாலேயே வந்து, “என்னடா வயசு சொல்றான் உன் பெரியப்பன்?” என்று கேட்டார். பதினஞ்சு கோடி வருஷம் மாமா, சுமாராக, என்றேன். “சுமாராவா? அநாதின்னுதானே நாங்க சொல்லிண்டிருக்கோம்” என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

செவ்வாய் காலை

ரயிலில் எழுதுகிறேன். தெரணிக்கும் காரைக்கும் இந்த வாட்டி போக முடியவில்லை, மழையில் குவாரியெல்லாம் குளமாக இருக்கும், தை பிறந்ததும் போகலாம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். யாராவது அதற்கு முன்னால் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, தண்ணீர், முள் குத்தாத ஷூ போதும். படத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்து எடுங்கள். எந்த அடுக்கில், அடியிலிருந்து எத்தனை அடி உயரத்தில் பார்த்தீர்கள் என்று நோட்டில் அங்கேயே எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வந்தால் கண்டிப்பாக மறந்துபோகும். கல்லை எடுத்துக்கொண்டு வராதீர்கள். விருத்தாசலம் தாண்டிவிட்டது, வடை வருகிறது.